வந்த வழி கேட்கும் நாடு

யாழ்ப்பாணத்து உறவுகளுக்கு, கனடாவிலிருந்து ஒரு திறந்த மடல்

கனடாவின் குடிவரவுச் சட்டங்களுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. இன்னார் வேண்டாம் என்று இனத்தின் பெயரைச் சொல்லக் கூசுகிற இடங்களில், வருபவர் எந்தக் கப்பலில் ஏறினார், நடுவில் எங்கே இறங்கினார், எந்த எல்லையால் நுழைந்தார் என்று அவை கேட்கும். கேள்வி பயணத்தைப் பற்றியது. அது யாரைத் தடுக்கும் என்பது எழுதியவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சிகள் மாறியும் இந்தக் கேள்வி போகவில்லை. ஈழத் தமிழர் இங்கே கால்பதித்த கதையையும் இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

பெயரைச் சொல்லக் கூசாத காலமும் இருந்தது. பசிபிக் கரையைக் கிழக்கோடு இணைத்த கனடியன் பசிபிக் ரயில்பாதைக்காக, 1880களின் முதற்பாதியில் ஏறத்தாழ 15,000 சீனத் தொழிலாளர் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பாறை உடைத்தார்கள். பாதை 1885 நவம்பரில் முடிந்தது. அது முடியட்டும் என்றுகூடப் பொறுக்கவில்லை. அதே ஆண்டு யூலையிலேயே சீனர் குடிவரவுச் சட்டம் நிறைவேறிவிட்டது. இனி வரும் சீனர் தலைக்கு 50 டொலர் வரி கட்ட வேண்டும். கப்பல்களுக்கும் ஒரு கணக்கு வைத்தார்கள்: 50 தொன்னுக்கு ஒரு சீனர்தான் ஏற்றலாம். வரி 1900இல் 100 டொலர் ஆனது, 1903இல் 500. ஒரு சீனத் தொழிலாளி இரண்டு வருடம் உழைத்தால் கிடைக்கும் பணம் அது. அப்படியும் ஆட்கள் கடன்பட்டு வந்துகொண்டிருந்ததால், 1923 யூலை 1ஆம் திகதி கதவே சாத்தப்பட்டது. அடுத்த 24 ஆண்டுகளில் உள்ளே விடப்பட்ட சீனர் ஐம்பதுக்கும் குறைவு. மனைவி குவாங்டொங்கிலும் கணவன் வன்கூவர் சலவைக்கடையிலுமாக வாழ்ந்து முடிந்த குடும்பங்கள் பல. யூலை 1 கனடாவின் தேசிய தினமும்கூட. சீனர்கள் அதை அவமான நாள் என்று அழைத்து, கொண்டாட்டங்களிலிருந்து ஒதுங்கி நின்றார்கள்.

உள்ளே வந்தவருக்கு மட்டும் இடம் உறுதியா என்றால், அதுவும் இல்லை. தொமே ஹொம்மா என்ற ஜப்பானியர் முறைப்படி பிரிட்டிஷ் பிரஜையாகப் பதிவு பெற்றவர். 1900இல் வன்கூவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார், மறுக்கப்பட்டது. கனடிய நீதிமன்றங்களில் வென்றார். லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் 1902இல் அந்த வெற்றியைப் பறித்தது: பிரஜை ஆவது வேறு, வாக்களிப்பது வேறு, வாக்குரிமை யாருக்கு என்பது மாகாணத்தின் விருப்பம் என்றது தீர்ப்பு. இதன் விளைவு தேர்தல் நாளோடு முடியவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் வழக்கறிஞர் ஆக முடியாது, மருந்தாளர் ஆக முடியாது. சீனர், ஜப்பானியர், இந்தியர் ஆகியோரின் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்து அங்கேயே பட்டம் பெற்றாலும் இந்தத் தொழில்களின் வாசலில் நின்றுவிட வேண்டியிருந்தது.

இந்தியர் விடயத்தில் அரசுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர்களும் அதே பேரரசரின் குடிமக்கள். பலர் அவருடைய படையில் சேவை செய்து பதக்கம் அணிந்த பஞ்சாபிச் சிப்பாய்கள். சீனருக்குப் போட்டதுபோலத் தலைவரி போட்டால் இந்தியாவில் கொந்தளிப்பு வரும் என்று லண்டன் அஞ்சியது. 1908 ஜனவரியில் கனடா ஒரு ஆணை பிறப்பித்தது. குடியேற வருபவர், தான் பிறந்த அல்லது குடியுரிமை உள்ள நாட்டிலிருந்து, அங்கேயே வாங்கிய சீட்டோடு, இடையில் எங்கும் பயணத்தை முறிக்காமல் வந்து சேர வேண்டும். ஆணையில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் கல்கத்தாவிலிருந்து வன்கூவருக்கு நேர்க்கப்பல் இல்லை. ஹொங்கொங்கிலோ யோக்கோஹாமாவிலோ மாறித்தான் ஆக வேண்டும். நேர்வழிச் சீட்டு விற்கக்கூடிய கனடியன் பசிபிக் நிறுவனத்துக்கும் விற்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஆசியர் கையில் 200 டொலர் காட்ட வேண்டும் என்ற விதியும் பின்னர் சேர்ந்தது. வீட்டுக்கு வரலாம், ஆனால் படலையைத் தொடக்கூடாது என்பதுபோல ஒரு ஏற்பாடு. 1904க்கும் 1908க்கும் இடையில் வந்த இந்தியர் ஏறத்தாழ 5,000 பேர். ஆணைக்குப் பின் வரவு ஏறக்குறைய நின்றே போனது. ஏற்கெனவே வந்த ஆண்களால் மனைவி பிள்ளைகளை அழைக்கவும் முடியவில்லை. 1919இல்தான் அதற்கு அனுமதி கிடைத்தது.

இந்த ஆணை நீதிமன்றத்தில் ஒருமுறை தோற்றது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. 1913இல் பனாமா மாரு என்ற கப்பலில் வந்த சீக்கியர் சிலரின் வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி ஹன்ரர், ஆணையின் வாசகம் மூலச் சட்டத்தின் வாசகத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு அவர்களை விடுவித்தார். குர்தித் சிங் என்ற வணிகர் கொமகற்றா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை ஹொங்கொங்கில் வாடகைக்கு எடுத்ததற்கு இந்தத் தீர்ப்பு தந்த துணிச்சலும் ஒரு காரணம். அதற்குள் ஒட்டாவா புதிய சொற்களில் ஆணையை மறுபடி எழுதிவிட்டது. 376 பயணிகளோடு கப்பல் 1914 மே 23ஆம் திகதி வன்கூவர் துறைமுகத்தை அடைந்தபோது, முன்பே அங்கு வாழ்ந்து திரும்பி வந்தவர்கள் உட்பட 24 பேரைத் தவிர எவரும் கரையில் கால்வைக்க விடப்படவில்லை. இரண்டு மாதம் கப்பல் நடுநீரில் கிடந்தது. உணவும் தண்ணீரும் தட்டுப்பட்டன. கரையிலிருந்த சீக்கியர்கள் பணம் திரட்டிக் கப்பல் வாடகையைக் கட்டினார்கள், வழக்காடினார்கள். முன்ஷி சிங் என்ற ஒருவருடைய வழக்கை எல்லோருக்குமான சோதனை வழக்காக எடுத்துக்கொண்டார்கள். யூலை 6ஆம் திகதி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. பொலிசார் இழுவைப் படகில் வந்து ஏற முயன்றபோது பயணிகள் நிலக்கரியை எறிந்து விரட்டினார்கள். கடைசியில் போர்க்கப்பல் ஒன்றை அருகில் நிறுத்தி, யூலை 23ஆம் திகதி கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். செப்ரெம்பர் 29ஆம் திகதி கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள்மீது பிரிட்டிஷ் இந்தியப் பொலிஸ் சுட்டதில் இருபது பேரளவில் இறந்தார்கள். நேர்வழியில் வரவில்லை என்பதுதான் சட்டப் புத்தகத்தின்படி அவர்கள் செய்த பிழை.

1910இலிருந்து முப்பது ஆண்டுகளில் காரணங்கள் விதம்விதமாக வந்தன. 1910ஆம் ஆண்டுச் சட்டம், கனடாவின் காலநிலைக்கு ஒவ்வாத இனங்களைத் தடுக்க அமைச்சரவைக்கு அதிகாரம் தந்தது. ஒக்லஹோமாவிலிருந்து கறுப்பின விவசாயிகள் மேற்குப் புல்வெளிகளுக்கு வரத் தொடங்கியதும், 1911இல் அந்தக் காலநிலைக் காரணத்தைச் சொல்லியே ஓர் ஆணை கையெழுத்தானது. நடைமுறைக்கு வராமல் பின்னர் நீக்கப்பட்டது. 1939இல் 907 யூத அகதிகளோடு அலைந்த சென் லூயிஸ் கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் மறுத்தபின் கனடாவும் மறுத்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் நாசிகளின் இன அழிப்பில் இறந்தார்கள்.

1942இல் நடந்தது வந்தவர்களுக்கு எதிரானதுகூட அல்ல, இருந்தவர்களுக்கு எதிரானது. பசிபிக் கரையிலிருந்து 100 மைல் அகலப் பரப்பில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 ஜப்பானிய வம்சாவளியினர் உள்நாட்டு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் நாலில் மூன்று பங்கினர் கனடாவில் பிறந்தவர்கள் அல்லது கனடாவில் பிரஜையாகப் பதிவு பெற்றவர்கள். அரசின் பொறுப்பில் விடப்பட்ட வீடு, தோட்டம், மீன்பிடிப் படகு எல்லாம் உடையவரைக் கேளாமல் விற்கப்பட்டன. 1946இல், போர் முடிந்த அடுத்த ஆண்டு, ஏறத்தாழ 4,000 பேர் ஜப்பானுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்; பாதிக்கும் மேற்பட்டோர் கனடாவில் பிறந்தவர்கள்.

அதற்கடுத்த ஜனவரியில் கனடியக் குடியுரிமை என்ற ஒன்று முதன்முதலாகப் பிறந்தது. அதுவரை கனடியர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள். 1947 ஜனவரி 3ஆம் திகதி ஒட்டாவாவில் நடந்த விழாவில் பிரதமர் மக்கென்சி கிங் முதலாம் இலக்கச் சான்றிதழைப் பெற்றார். நான்கு மாதம் கழித்து அவரே பாராளுமன்றத்தில், பெருந்தொகைக் குடிவரவால் நாட்டு மக்களின் அடிப்படைத் தன்மை மாறுவதைக் கனடியர் விரும்பவில்லை, ஆசியாவிலிருந்து பெருமளவில் ஆட்கள் வந்தால் அது மாறும் என்று கொள்கை விளக்கம் தந்தார். அதே மாதம் சீனர் தடைச் சட்டம் நீங்கியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில் சீனரும் இந்தியரும் வாக்குரிமை பெற்றார்கள். ஜப்பானியர் கரையோரத்துக்குத் திரும்ப 1949 ஏப்ரல்வரை காத்திருந்தார்கள். ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடித்துக்கொண்ட ஆண்டு 1947.

ஈழத்துச் சரித்திரம் இந்த இடத்தில் குறுக்கே வருகிறது. கனடா தன் குடியுரிமையை வகுத்த அடுத்த ஆண்டு, சுதந்திர இலங்கை தன்னுடையதை வகுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் தன் தகப்பனும் அங்கே பிறந்தவர் என்றோ, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டினால்தான் பிரஜை. தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்கும் போனது. வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைக்கூடக் கள்ளத்தோணி என்று ஏசும் வழக்கம் தென்னிலங்கையில் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பிறகு 1949இன் இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டத்தை ஆதரித்தார். அதை ஏற்காமல் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அந்த ஆண்டு டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எங்கே இருக்க விருப்பம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. கனடாவில் அகதி வழக்கு வென்ற யாழ்ப்பாணத்தவர் தங்கள் ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லும்போது, சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956இலிருந்து தொடங்குவது வழக்கம். எட்டு வருடம் முன்னே தொடங்குவதே சரி.

இலங்கையர் கனடாவின் கணக்கில் தனி இலக்கமாக ஏறியது 1951இல். பொதுநலவாயத்தின் புதிய உறுப்பு நாடுகளை முற்றாகத் தள்ள முடியாமல், இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100, இலங்கையிலிருந்து 50 என்று ஒட்டாவா ஒதுக்கியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோருக்குமாக வாரத்துக்கு ஒருவர். 1962இல் அமைச்சர் எலன் ஃபெயர்குளோ கொண்டுவந்த விதிகள் இனவாரித் தேர்வைப் பெரும்பாலும் நீக்கின. 1967 ஒக்ரோபரில் புள்ளிமுறை வந்தது: படிப்பு, தொழில், வயது, ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு அறிவு எல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் குடியேறலாம். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பாடசாலைகளில் படித்த பொறியியலாளர், வைத்தியர், கணக்காளர் சிலர் இந்த வாசலால் வந்தார்கள். புள்ளிமுறை நிறம் பார்ப்பதை விட்டது உண்மை. பள்ளிக்கூடம் பார்ப்பதைத் தொடங்கியதும் உண்மை. கமக்காரனின் மகனுக்கோ கடற்றொழிலாளியின் மகளுக்கோ அந்த வாசலில் இடம் இருக்கவில்லை.

வந்தேறிகள் இப்படி வரிசையில் நின்ற காலமெல்லாம், நிலத்தின் முதற்குடிகள் வரிசைக்கே வெளியே இருந்தார்கள். 1876இன் இந்தியன் சட்டப்படி பதிவுபெற்ற ஒரு பூர்வகுடியினர் மத்திய தேர்தலில் வாக்களிக்க விரும்பினால், பொதுவாகத் தன் பூர்வகுடிப் பதிவைத் துறக்க வேண்டும். அந்த நிபந்தனை இல்லாமல் எல்லோருக்கும் வாக்கு வந்தது 1960இல். பதிவு இல்லாதவரை மணந்த பூர்வகுடிப் பெண் பதிவை இழப்பாள், அதே மணத்தைச் செய்த ஆண் இழக்கமாட்டான் என்ற விதி 1985வரை நீடித்தது. கொமகற்றா மாருவைத் திருப்பிய நாடு தன் சொந்த மண்ணின் மக்களையும் உறுப்பினராக எண்ணவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் கனடியர் என்ற சொல் யாரை வைத்துத் தொடங்கியது என்று விளங்கும். இன்று குடியுரிமைச் சத்தியம் செய்பவர், பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கைகளையும் மதிப்பதாகச் சொல்ல வேண்டும். 2021இல் அந்த வரி சேர்ந்தது.

அகதி என்ற தனி வாசல் பிந்தித்தான் திறந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கனடா 1969இல்தான் சேர்ந்தது. 1976இல் இயற்றி 1978இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அகதிக்கு உள்நாட்டுச் சட்டத்தில் இடம் தந்தது. 1979, 1980ஆம் ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து 60,000 பேர் வந்தார்கள். தேவாலயங்களும் அயலவர்களும் கூடிப் பொறுப்பேற்கும் முறை அப்போது வேரூன்றியது. 1983 யூலை இனக்கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழருக்குச் சிறப்பு நடவடிக்கைகள் அறிவிக்கப்பட்டன: ஏற்கெனவே கனடாவில் இருந்தவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை, உறவினர் உள்ளவர்களை அழைத்துக்கொள்வதில் தளர்வு.

ஆனால் சொந்தக் காலில் வந்து இறங்கி அகதி என்று சொன்னவருக்கு என்ன விசாரணை நடந்தது? குடிவரவு அதிகாரி ஒருவர் சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பார். அது தட்டெழுத்தாகி ஒட்டாவாவுக்குப் போகும். அங்கே ஒரு குழு தாளைப் படித்து அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும். தீர்மானிப்பவர் முகத்தை விண்ணப்பதாரி காண்பதில்லை. தனக்கு எதிராக என்ன சொல்லப்பட்டது என்றும் அறிவதில்லை. ஏழு பேர் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் சீக்கியர். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த தீர்ப்பு சிங் தீர்ப்பு என்று அறியப்படுகிறது. அமர்ந்த ஆறு நீதிபதிகளும் அந்த நடைமுறை செல்லாது என்றார்கள். காரணத்தில் மட்டும் மூவர் மூவராகப் பிரிந்தார்கள். நீதிபதி பேர்தா வில்சன் எழுதிய பகுதி, கனடாவின் உரிமைகள் சாசனம் காக்கும் எவரும் என்ற சொல்லுக்குள் கனடா மண்ணில் உடலால் நிற்கும் ஒவ்வொருவரும் அடங்குவர் என்றது. எல்லோருக்கும் நேர்முக விசாரணை வைத்தால் செலவும் சுமையும் கூடும் என்ற அரசின் வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. குடியுரிமை இல்லாத, விசா இல்லாத, கள்ளக் கடவுச்சீட்டில் வந்த ஒருவருக்கும் கனடாவின் அரசியல் சட்டம் காது கொடுக்க வேண்டும் என்பது அங்கேதான் நிலைநாட்டப்பட்டது. ஸ்காபரோவிலும் மொன்றியலிலும் பின்னாளில் கேஸ் வென்று தங்கிய தமிழர் ஒவ்வொருவருடைய கோப்புக்கும் அடியில் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. எழுபது ஆண்டுக்கு முன் முன்ஷி சிங்குக்குக் கிடைக்காதது அந்த ஏழு பேருக்குக் கிடைத்தது.

பதினாறு மாதம் கழித்து, 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்லாந்துக் கடலில் கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். உள்ளே 155 தமிழர். அவர்களை ஏற்றிக் கரைசேர்த்தார்கள். ஊர் மக்கள் உடுப்பும் உணவும் கொடுத்தார்கள். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னவர்கள், உண்மையில் மேற்கு ஜெர்மனியில் கப்பலேறியவர்கள் என்பது சில நாட்களில் வெளியானது. அனுதாபம் கோபமாக மாற அதிக நேரம் எடுக்கவில்லை. பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் கிடைத்த முதற்கேள்வி, இலங்கையில் அவர்களுக்கு என்ன நடந்தது என்பது அல்ல; ஜெர்மனியில் இருந்தவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்பது. பிரதமர் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்து, ஓராண்டு அனுமதி கொடுக்கச் செய்தார். அதே ஆண்டு, அகதிகளுக்குச் செய்த உதவிக்காக ஐக்கிய நாடுகள் சபையின் நான்சன் விருது கனடிய மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது.

விருது வந்த சூடு ஆறுமுன் கதவு ஒடுங்கத் தொடங்கியது. 1987 பெப்ரவரியில், அமெரிக்க எல்லைக்கு வருபவர்கள் விசாரணைத் திகதிவரை அமெரிக்கப் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும் என்றார்கள். பஃபலோவிலும் பிளற்ஸ்பேர்க்கிலும் தேவாலய மண்டபங்கள் அகதிகளால் நிரம்பின. யூலையில் 174 சீக்கியர் நோவா ஸ்கோஷியாக் கரையில் இறங்கியதும் கோடை விடுமுறையில் இருந்த பாராளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. 1989 ஜனவரியில் குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. சிங் தீர்ப்புக் கேட்ட நேர்முக விசாரணை அதில் கிடைத்தது. கூடவே கடத்துவோருக்குக் கடும் தண்டனையும் ஆவணமில்லாதவரை மறித்து வைக்கும் அதிகாரமும் வந்தன. தொண்ணூறுகளில் வந்த தமிழரில் பெரும்பாலானோர் பார்த்தது இந்தச் சபையின் சிறிய விசாரணை அறைகளைத்தான்.

1908இன் கேள்வி 2004இல் தலைகீழாகத் திரும்பி வந்தது. அப்போது இடையில் இறங்காமல் வரவேண்டும் என்றார்கள். இப்போது, இடையில் இறங்கிய பாதுகாப்பான நாட்டிலேயே நின்றிருக்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசெம்பர் 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது: தரை எல்லையால் வருபவர் அகதிக் கோரிக்கையை அமெரிக்காவிலேயே வைக்க வேண்டும். அது முறையான எல்லைச் சாவடிகளுக்கு மட்டும் பொருந்தியதால், சாவடி இல்லாத இடத்தால் நடந்து வந்தவர்கள் கோரிக்கை வைக்க முடிந்தது. கியூபெக்கின் றொக்ஸ்ஹாம் வீதி அப்படித்தான் பெயர்பெற்றது. 2023 மார்ச் 25இலிருந்து ஒப்பந்தம் முழு எல்லைக்கும் விரிந்தது. சாவடியைத் தவிர்த்து நுழைந்து 14 நாட்களுக்குள் கோருபவரும் இப்போது திருப்பி அனுப்பப்படலாம். கனடாவில் உரிய தகுதியோடு வாழும் பெற்றோர், சகோதரர், மாமா, மாமி, மருமக்கள் போன்ற நெருங்கிய உறவினர் உள்ளவருக்கு விதிவிலக்கு உண்டு. காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குப் பணம் கட்டும் குடும்பங்களுக்கு ஏஜென்சிக்காரர் இந்த விபரங்களைச் சொல்வதில்லை. சொன்னால் வியாபாரம் நடக்காது.

கடல்வழிக்குத் தனிக் கணக்கு. தமிழரை ஏற்றிய இரு கப்பல்கள், 2009 ஒக்ரோபரில் ஓஷன் லேடி 76 ஆண்களோடும், 2010 ஓகஸ்டில் சன் சீ 492 பேரோடும் வன்கூவர் தீவை அடைந்தன. சன் சீயில் பெண்களும் 49 பிள்ளைகளும் இருந்தார்கள். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஒன்றேகால் ஆண்டு ஆகியிருந்தது. கப்பல் கரைசேருமுன்னரே அமைச்சர்கள் கடத்தல்காரர் என்றும் பயங்கரவாதிகள் என்றும் பேசத் தொடங்கிவிட்டார்கள். பயணிகள் மாதக்கணக்கில் தடுப்பில் கிடந்தார்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டமாக ஒழுங்கற்ற வழியில் வந்தவர்கள் என்று அமைச்சர் ஒரு குழுவைக் குறித்தால், 16 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தடுத்துவைக்கவும், அவர்கள் உண்மை அகதிகள் என்று தீர்ப்பான பிறகும் ஐந்து ஆண்டு நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிக்க விடாமல் நிறுத்தவும் வழிசெய்தது. ஒரே துன்பத்துக்குத் தப்பி வந்த இருவரில் விமானத்தில் வந்தவர் குடும்பத்தை அழைக்கலாம், கப்பலில் வந்தவர் காத்திருக்க வேண்டும். நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை குறுக்கே நின்றது: ஓஷன் லேடி வழக்கில் 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஆட்கடத்தல் குற்றப்பிரிவு அளவுக்கு மீறி அகன்றது, மனிதாபிமானத்தால் உதவியவர்களையும் குடும்பத்தினரையும் ஒருவருக்கொருவர் துணைநின்ற அகதிகளையும் அதனால் தண்டிக்க முடியாது என்றது. குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரும் 2017இல் விடுதலையானார்கள்.

கடவுச்சீட்டு கைக்கு வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் ஊரிலும் உண்டு, ஸ்காபரோவிலும் உண்டு. 2014இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பயங்கரவாதம், தேசத்துரோகம் போன்ற குற்றங்களுக்கு இரட்டைக் குடியுரிமை உள்ளவரின் கனடியக் குடியுரிமையைப் பறிக்க இடம் தந்தது. குற்றம் ஒன்றாக இருந்தாலும், வேறு நாட்டுப் பிடிமானம் இல்லாதவருக்குச் சிறை; இருப்பவருக்குச் சிறையும் நாடுகடத்தலும். 2017இல் அடுத்த அரசு அதை நீக்கியது. பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைப் பறிக்கும் அதிகாரம் இன்னும் இருக்கிறது. அகதிக் கோரிக்கையில் பெயரையோ திகதியையோ மாற்றிச் சொன்னவர்கள் அறிந்திருக்க வேண்டியது அது.

மன்னிப்புகள் இதற்கிடையே வரிசையாக வந்தன. ஜப்பானியருக்கு 1988இல், உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 21,000 டொலரோடு. சீனருக்கு 2006இல், வரி கட்டியவர்களில் உயிரோடு எஞ்சியவருக்கும் அவர்களின் துணைவருக்கும் 20,000. கொமகற்றா மாருவுக்கு 2016இல், சென் லூயிஸுக்கு 2018இல். பெறுவதற்கு ஆட்கள் அருகிய பிறகே அவை வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிழையைப் பாராளுமன்றத்தில் பிரதமர் எழுந்து ஒப்புக்கொள்ளும் பழக்கம் இங்கே இருக்கிறது. 1948க்கு அப்படி ஒன்று கொழும்பில் இதுவரை நடக்கவில்லை.

இப்போதைய கேள்வி அடுத்த தலைமுறையைப் பற்றியது. 2009இன் திருத்தப்படி, வெளிநாட்டில் பிறந்த கனடியர் தன் பிள்ளையையும் வெளிநாட்டில் பெற்றால் அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வரவில்லை. கனடாவில் பிறந்தவருக்கு இந்தத் தடை இருக்கவில்லை. ரொறன்ரோவில் குடியுரிமை பெற்ற பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, பின்னர் ஸ்காபரோவில் வளர்ந்த ஒரு மகள், வேலைக்காகச் சிங்கப்பூர் போய் அங்கே பிள்ளை பெற்றால் இந்த விதி அவளைப் பிடித்தது. உலகமெங்கும் சிதறிய ஈழத்துக் குடும்பங்களுக்கு இது அபூர்வமான கதை அல்ல. 2023 டிசெம்பரில் ஒன்ராறியோ நீதிமன்றம் இந்த விதி உரிமைகள் சாசனத்துக்கு முரணானது என்றது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. 2025இல் பாராளுமன்றம் இயற்றிய திருத்தப்படி, இனிப் பிறக்கும் அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. ஆனால் பிறப்புக்கு முன் அந்தத் தாயோ தகப்பனோ கனடாவில் மொத்தம் 1,095 நாட்கள் உடலால் இருந்ததைக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ஸ்காபரோவில் வாழும் ஊரவர் ஒருவர்